முப்பத்தேழாம் நம்பர் மேடம்

சீட்டு இல்லாமல் அந்தச் சலவைக்கடையில் ஒரு கைக்குட்டையைக்கூட வாங்கிவிட முடியாது. கடைக்கார அக்காவின் கூடப்பிறந்த தம்பியே சீட்டைத் தொலைத்துவிட்டு, சொந்தக் கல்யாணத்துக்கு வாடகைக் கோட்டில் போய் நின்றவன்தான். தோள் இரண்டும் தொங்க, மாப்பிள்ளையை யாரோ கோட்டுக்குள் ஒளித்துவைத்த மாதிரி அவன் நிற்கும் போட்டோ இன்றைக்கும் கடை மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறது. அதற்குக் கீழே அக்கா தன் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறாள்: 'சீட்டு முக்கியம்.'

இந்தச் சட்டத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காப்பாற்றி வந்தவர் சைக்கிள் அண்ணன். தேய்த்த மூட்டைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவர். சைக்கிள் போய் ஸ்கூட்டர் வந்து ஒன்பது வருஷமாகியும் பெயர் மட்டும் சைக்கிளை விட்டு இறங்க மறுத்துவிட்டது. அந்தக் கடையில் யாருக்குமே சொந்தப் பெயர் நிற்காது. இயந்திரங்களில் துணி போட்டு எடுப்பவள் தொட்டியக்கா. தொட்டியில் ஊறப்போட்டுக் காலால் மிதித்த காலத்தில் வைத்த பெயர் அது. தேய்க்கிறவளுக்கு மடிப்பு என்று பெயர்.

அந்தப் பெயரை அவள் சும்மா வாங்கிவிடவில்லை. காலரைப் பிடித்து ஒரு உதறு, கையை உள்ளே ஒரு மடக்கு, கீழிருந்து மேலே இரண்டு திருப்பு. சட்டை செங்கல் மாதிரி நிற்கும். அவள் மடித்ததைப் பிரிக்க மனசு வராமல் வாடிக்கைக்காரர்கள் பழைய சட்டையையே போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போகிறார்கள் என்று அக்கா பெருமை பீற்றிக்கொள்வாள். ஆறு வருஷமாக மடிப்பு அந்த நீள மேசைக்குப் பின்னால்தான் நிற்கிறாள். நீராவியும் சோப்பு வாசனையும் தொட்டியக்காவின் பாட்டும் அவளுக்குப் பழகிப்போனவை. பாட்டு மட்டும் கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் பழகியது.

அவள் புருஷன் மின்சார மீட்டர் பார்க்கிறவன். வீட்டிலும் அந்த வேலையை விடவில்லை. சாயங்காலம் அவள் வந்ததும் போனை வாங்கிப் பார்ப்பான். சாப்பாட்டுப் பையைக் கவிழ்த்துப் பார்ப்பான். எத்தனை மணிக்குக் கடையை விட்டாய், எத்தனை மணிக்குப் படியேறினாய், நடுவில் ஆறு நிமிஷம் எங்கே போயிற்று என்பான். தன் சட்டையைக் கடையில் தேய்க்க எடுத்துக்கொண்டு போனாலும் சீட்டு கொண்டுவரச் சொல்வான். "எடுத்துட்டுப் போறது திரும்பி வருதான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று அந்தச் சீட்டைத் தன் பர்ஸில் வைத்துக்கொள்வான். முதல் வருஷம் இதையெல்லாம் கடையில் அவளே வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். எங்க வீட்டுக்காரர் எவ்வளவு கவனமானவர் பாருங்க என்றுகூட ஒரு தடவை சொன்னாள். அப்போது கடையில் அவனுக்குக் கட்டிய பட்டப்பெயர்தான் 'மீட்டர்'.

அப்புறம் அவள் வேடிக்கை சொல்வதை நிறுத்திவிட்டாள். சொந்த அக்காவுக்குப் போன் போடுவது நின்றது. தீபோல் வெயில் காய்ந்த அந்தக் கோடையில், மின்விசிறிக்கே வியர்க்கிற அந்த அறையில், ஒரு நாள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள்.

தொட்டியக்கா ஈரத்துணிக் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தாள்.

"என்னடி இது, குளிர் நாட்டுக்கா கிளம்பிட்ட?"

"சும்மாதான்க்கா."

"கையைக் காட்டு."

"ஒண்ணுமில்லக்கா. நேத்து இஸ்திரிப் பெட்டி பட்டுடுச்சு."

அந்தப் பொய்யை ஊரில் வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார்கள். இவள் போயும் போயும் இருபது வருஷம் இஸ்திரிப் பெட்டியோடு குடித்தனம் நடத்தியவர்களிடம் சொன்னாள். தொட்டியக்கா மெதுவாகச் சட்டைக் கையை மேலே ஏற்றினாள். முழங்கைக்கு மேலே நீலம் பாரித்திருந்தது. ஒரு பக்கம் நாலு, மறுபக்கம் ஒன்று.

"நானும் எத்தனையோ தடவை சுட்டுக்கிட்டிருக்கேன்," என்றாள் தொட்டியக்கா. "எந்தப் பெட்டிடி இது, விரல் வச்ச பெட்டி?"

மடிப்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தவள் அப்படியே அழுதாள். கடைக்கார அக்கா கதவில் 'சாப்பாட்டு நேரம்' என்ற அட்டையைப் பத்தரை மணிக்கே மாட்டிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றுவிடாமல் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் பிடித்தது. கடைசியில், "அடிச்சிட்டு அவரே அழுவாருக்கா. மறுநாள் இனிப்பு வாங்கிட்டு வருவாரு," என்றாள்.

"எத்தனை தடவை இனிப்பு வாங்கியிருக்காரு?" என்று கேட்டாள் கடைக்கார அக்கா.

மடிப்பு வாய்க்குள் எண்ணிப் பார்த்தாள். விரல்கள் தீர்ந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"இப்பவே வாடி, என் வீட்டுக்குப் போயிடலாம்," என்று தொட்டியக்கா எழுந்துவிட்டாள்.

"வேணாம்க்கா. என் சான்றிதழ், அட்டை எல்லாம் அங்க இருக்கு. கையை வீசிட்டு வந்தா அதையெல்லாம் வச்சே என்னைத் திரும்ப இழுப்பாரு. போன வருஷம் ஒரு தடவை கிளம்பினப்ப அப்படித்தான் ஆச்சு. இந்தத் தடவை எதுவும் அங்க இருக்கக்கூடாது."

அக்கா கொஞ்ச நேரம் தம்பியின் கல்யாணப் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். யோசனை வரும்போதெல்லாம் அவள் பார்ப்பது அதைத்தான்.

"அவன் காலையில எத்தனை மணிக்குக் கிளம்புவான்?"

"ஏழு. நான் எட்டு."

"பையைச் சோதிக்கிறது சாயங்காலம்தானே? அப்ப உள்ள வர்றதைத்தான் பார்க்கிறான், வெளிய போறதைப் பார்க்கலை. மீட்டர்காரன் புத்தி ஒரு பக்கம்தான் ஓடும்."

அன்றைக்குப் பிறந்தவள்தான் முப்பத்தேழாம் நம்பர் மேடம். அக்கா ஒரு புது அட்டையில் முப்பத்தேழு என்று எழுதி, மேல் அலமாரியின் ஓரத்தில் மாட்டினாள். தினம் காலையில் மடிப்பின் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் ஒரு உருப்படி வெளியே வந்தது. வந்ததைத் தேய்த்து மடித்து முப்பத்தேழில் வைத்தார்கள். கூடவே மேடத்துக்கு ஒரு குணமும் வளர்ந்தது.

"மேடம் இன்னிக்கி என்ன குடுத்தாங்க?" என்பாள் தொட்டியக்கா.

"ரெண்டு பாவாடை, பத்தாவது மார்க் சீட்டு."

"மார்க் எப்படி?"

"மேடத்துக்குக் கணக்கு கொஞ்சம் வராதுக்கா."

"அதான் தெரியுதே. இல்லாட்டி இந்தாளைக் கட்டியிருப்பாங்களா?"

வீட்டு அலமாரியில் துணி குறைவதை அவன் கண்டுபிடித்துவிடக் கூடாதே. அதற்கு மடிப்பின் கைத்தொழில் உதவியது. ஒரு சேலைக்குள் பழைய செய்தித்தாளை வைத்து மடித்தால் மூன்று சேலை உயரம் நிற்கும். அவன் தினம் அலமாரியைத் திறந்து பார்த்தான். அடுக்கு அப்படியே இருந்தது. நாலைந்து துணியையும் ஒரு மாதத்துச் செய்தியையும் பார்த்துத் திருப்தியாக மூடினான். அந்த நாட்களில் மடிப்பு மறுபடியும் சிரிக்கப் பழகினாள். பயம் போய்விடவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரு இடம் அவனுக்குத் தெரியாமல் அவளுடையதாக இருந்தது.

வேலைக்குப் போகும் பெண்களின் விடுதியொன்றில் அடுத்த மாதம் ஒரு படுக்கை காலியாகிறது என்று அக்கா விசாரித்துவைத்தாள். இன்னும் இரண்டு வாரம்தான்.

இந்த ரகசியத்தில் சேர்க்காமல் விட்ட ஒரே ஆள் சைக்கிள் அண்ணன். தங்கமான மனிதர், ஆனால் அவர் வாயில் எதுவும் நிற்காது. இந்தத் தெருவில் ஒரு வீட்டில் பிள்ளை உண்டானால் அடுத்த தெருவுக்கு அவர் ஸ்கூட்டர் சத்தத்துக்கு முன்னால் சேதி போய்விடும். ஆகவே அவரிடம், "முப்பத்தேழு ஒரு ஆஸ்பத்திரி மேடம், வெளியூர் போயிருக்காங்க, துணியை அப்பப்ப ஆள்கிட்ட அனுப்புவாங்க, வந்து வாங்கிக்குவாங்க," என்று மட்டும் சொல்லிவைத்தார்கள்.

அங்கேதான் தப்பு நடந்தது. தன் கையில் ஒரு மூட்டை இரண்டு நாளுக்கு மேல் தங்கியதில்லை என்பது சைக்கிள் அண்ணனின் வாழ்நாள் பெருமை. முப்பத்தேழோ மூன்று வாரமாக அலமாரியில் குந்திக்கொண்டு அவரைப் பார்த்துப் பழித்தது. நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டும் போயிற்று. மனுஷனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருபத்திரண்டாம் நாள் மத்தியானம், பெண்கள் மூவரும் பின்கட்டில் ஒரு ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பை இழுத்துப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தபோது, அவர் மூட்டையின் முடிச்சை அவிழ்த்தார். சேலைகளுக்கு நடுவில் ஒரு அடையாள அட்டை இருந்தது. அதில் யாரோ ஒரு பெண்ணின் பெயரும் முழு விலாசமும் இருந்தன. போட்டோவும் இருந்தது, ஆனால் அடையாள அட்டைப் போட்டோவை வைத்துப் பெற்ற தாயையே கண்டுபிடிக்க முடியாது. அண்ணன் முடிச்சைப் போட்டார், ஸ்கூட்டரில் ஏற்றினார், கிளம்பிவிட்டார்.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தவர் மூட்டையை மேசைமேல் தொப்பென்று போட்டுவிட்டுக் கத்த ஆரம்பித்தார்.

"இந்த உலகத்துல என்ன மாதிரி ஆளுங்கல்லாம் இருக்காங்க அக்கா! ஒரு நன்மை பண்ணப் போனா சட்டையைப் பிடிக்கிறான்!"

"யாரு அண்ணே?" என்றாள் மடிப்பு. அவள் பார்வை மூட்டைமேல் இருந்தது.

"இந்த முப்பத்தேழு! உள்ள அட்டை இருந்துச்சு, விலாசம் இருந்துச்சு. சரி, கழுதை, கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துருவோம்னு போனேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருப்பான் போல, சோத்துக் கையோட ஒரு ஆளு கதவைத் திறந்தான். இந்தப் பேருல ஒரு அம்மா இருக்காங்களான்னேன். என் சம்சாரம்தான்னான். அவங்க துணி வந்திருக்குன்னேன். என்ன துணின்னான். பெரிய மூட்டைங்க, இருபத்திரண்டு நாளா சேர்ந்துகிட்டே இருக்குன்னேன்."

தொட்டியக்காவின் கையிலிருந்து விரிப்பு நழுவியது.

"குடுன்னான். சீட்டு குடுங்கன்னேன். என் பொண்டாட்டி துணிக்கு எனக்கு எதுக்குடா சீட்டுங்கிறான். ஐயா, நீங்க ஜனாதிபதியா இருந்தாலும் சீட்டு வேணும், எங்க முதலாளியம்மா தம்பியே வாடகைக் கோட்டு போட்டவருன்னேன். மூட்டையைப் பிடிச்சு இழுக்கிறான்! நான் விடுவேனா? ஒரு இழு இழுத்து வண்டியில போட்டுக்கிட்டு வந்துட்டேன். கடைசியா அவன் சிரிச்சான் பாருங்க, அதுதான் எனக்குப் பிடிக்கலை. பரவாயில்ல, அவ சாயங்காலம் வரட்டும், நான் பேசிக்கிறேன்னான்."

பேசிக்கிறேன் என்றால் என்னவென்று மடிப்புக்குத் தெரியும். அவள் கை தானாக முழங்கைக்கு மேலே போனது.

"அட்டையில என்ன பேரு அண்ணே போட்டிருந்துச்சு?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள். அண்ணன் சொன்னார். ஆறு வருஷத்தில் அந்தக் கடைக்குள் அந்தப் பெயர் ஒலித்தது அதுதான் முதல் தடவை.

"அது நான்தான் அண்ணே," என்றாள் மடிப்பு.

சைக்கிள் அண்ணன் அவளைப் பார்த்தார். அட்டையை எடுத்துப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். அப்புறம் அவள் முழுக்கைச் சட்டையைப் பார்த்தார். பேயறைந்த மாதிரி துணிக்கூடைமேல் உட்கார்ந்துவிட்டார். அந்த வாயிலிருந்து ஒரு வார்த்தை வராமல் போனதை அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

மடிப்பு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் தலைக்குள் பொய்கள் வரிசை கட்டின. அது வேறொரு அம்மாவுடைய மூட்டை, அட்டை தவறிப்போய் அதில் விழுந்துவிட்டது, விழாவுக்கு இரவல் கொடுத்த துணி அது. ஐந்தரைக்குள் வீட்டுக்குப் போய்விட்டால், அவன் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டால், ஒருவேளை.

"நான் போயி எதையாவது சொல்லிச் சமாளிச்சிடுறேன்க்கா," என்றாள்.

இஸ்திரிப் பெட்டி அதன் தாங்கியில் சூடாக நின்று மெல்ல நீராவி விட்டது. மடிப்பு அதைப் பார்த்தாள். ஆறு வருஷம் சோறு போட்ட பெட்டி. செய்யாத தப்புக்கெல்லாம் அதன் தலையில் பழி போட்டாயிற்று. நாளைக்கும் அதன் தலையிலேதான் போடவேண்டும் என்று தோன்றியது. அவள் கையை நீட்டி ஸ்விட்சை அணைத்தாள்.

"இல்லக்கா. போகலை. வீட்டுக்குப் போகலை. என்கூட ஸ்டேஷனுக்கு வர்றீங்களா?"

"இதைக் கேக்கணுமாடி?" என்று அக்கா செருப்பைத் தேடினாள்.

காவல் நிலையத்தில் பெண்கள் புகாருக்கென்று தனி அறை இருந்தது. அங்கே இருந்த அதிகாரி அம்மாவின் சட்டை முதுகுப் பக்கம் கசங்கிக் கிடந்தது. புகார் சொல்ல உட்கார்ந்திருந்த அந்த நேரத்திலும் மடிப்பின் கண் அந்தக் கசங்கலுக்குத்தான் போயிற்று. அதைப் பார்த்ததும் ஏனோ கொஞ்சம் தைரியம் வந்தது. அதிகாரி அம்மா அவசரப்படுத்தாமல் கேட்டு எழுதிக்கொண்டார். கையை டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கச் சொன்னார். அவள் எதிரிலேயே அவனுக்குப் போன் போட்டு, நாளை மறுநாள் விசாரணைக்கு வரவேண்டும், அதுவரை இந்த அம்மா பக்கம் தலைகாட்டக் கூடாது என்றார். கடைசியில் முத்திரை குத்திய ஒரு ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்.

"பத்திரமா வச்சுக்குங்க. தொலைச்சிடாதீங்க."

"சீட்டைத் தொலைக்கிற பழக்கம் எங்க கடையில கிடையாது மேடம்," என்றாள் அக்கா. "அப்புறம் அந்தச் சட்டையை நாளைக்கி அனுப்பிவிடுங்க."

படுக்கை காலியாகும்வரை தரையில் ஒரு மெத்தை போட்டுத் தருவதாக விடுதியில் ஒப்புக்கொண்டார்கள். முப்பத்தேழாம் நம்பர் மூட்டையைச் சைக்கிள் அண்ணனே கொண்டுவந்து விடுதி வாசலில் இறக்கினார். கண் சிவந்திருந்தது.

"என்னால வந்த வினை, தங்கச்சி. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

"அண்ணே, நீங்க சீட்டு கேக்கலைன்னா மூட்டை அங்கயே போயிருக்கும். என் சான்றிதழ், அட்டை எல்லாம் போயிருக்கும். நீங்கதான் காப்பாத்தினீங்க."

"அப்படியா சொல்ற?" என்று மூக்கை உறிஞ்சினார். கொஞ்சம் தெளிந்ததும் கையை நீட்டினார். "சரி, சீட்டு?"

மடிப்பு விழுந்து விழுந்து சிரித்தாள். அன்று சாயங்காலம் அவள் சாப்பாட்டுப் பையை யாரும் கவிழ்த்துப் பார்க்கவில்லை. பழக்கதோஷத்தில் அவளே இரண்டு தடவை கவிழ்த்துப் பார்த்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவன் கடைக்கு வந்தான். தலை வாரி, சட்டை மாற்றி, கையில் இனிப்புப் பெட்டியோடு வந்தான். வாசலில் துணி கொடுக்க இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்களைப் பார்த்து மரியாதையாக ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு மேசைக்கு முன்னால் போய் நின்றான்.

"என் சம்சாரத்தைக் கூட்டிட்டுப் போக வந்தேன். சின்னச் சண்டை. வீட்டுக்கு வீடு நடக்கிறதுதானே. கொஞ்சம் கூப்பிடுங்க."

மேசைக்குக் கீழே கடைக்கார அக்கா ஏற்கெனவே போனில் ஸ்டேஷன் நம்பரை அழுத்தியிருந்தாள். தொட்டியக்கா ஈரவிரிப்பை முறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு பின்கட்டு வாசலில் வந்து நின்றாள். அவள் முறுக்கிய விரிப்பால் ஒரு அடி வாங்கினால் ஆள் ஒரு வாரத்துக்கு எழுந்திருக்க மாட்டான். சைக்கிள் அண்ணன் மட்டும் அலமாரிப் பக்கம் திரும்பி மூட்டைகளுக்கு நம்பர் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்தது கூட்டிட்டுப் போக வந்தேன் என்பது மட்டும்தான். முப்பது வருஷப் பழக்கம், திரும்பாமலே கேட்டுவிட்டார்.

"சீட்டு இருக்கா?"

வரிசையில் நின்ற ஒரு அம்மாள் முதலில் களுக்கென்றாள். அப்புறம் தொட்டியக்கா. அப்புறம் தேய்ப்பு மேசைக்குப் பின்னாலிருந்து மடிப்பு. அவள் சிரிப்புச் சத்தம் கேட்டு அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். அந்தச் சிரிப்பை அவன் மறந்தே போயிருக்க வேண்டும்.

அவன் முகம் கறுத்தது. "இருக்கு," என்று பர்ஸைத் திறந்து ஒரு சீட்டை எடுத்து மேசைமேல் அறைந்தான். கோபத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்தானோ, எல்லாவற்றுக்கும் சீட்டு வைத்திருந்து பழகிய கை தானாக எடுத்ததோ, அது அவனுக்குத்தான் தெரியும்.

மடிப்பு முன்னால் வந்தாள். இருவருக்கும் நடுவில் அந்தக் கனத்த மர மேசை இருந்தது. முதலில் தன் இடுப்பிலிருந்து முத்திரை குத்திய ரசீதை எடுத்து அவன் படிக்கும்படி காட்டினாள்.

"என்னோட சீட்டு என்கிட்ட இருக்கு. பேச வேண்டியதை நாளைக்கி அங்க வந்து பேசுங்க."

அதை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, மேசைமேல் கிடந்த அவன் சீட்டை எடுத்துப் படித்தாள். எல்லா வாடிக்கைக்காரர்களுக்கும் படிப்பது போலவே சத்தமாகப் படித்தாள்.

"வெள்ளைச் சட்டை, அரைக்கை. ஒண்ணு."

அலமாரிக்குப் போனாள். போன வாரம் அவளே தேய்த்து வைத்த சட்டையை எடுத்தாள். காலர் ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருந்தது. அதை நிமிர்த்திவிட்டுத்தான் கொண்டுவந்தாள், வேலையில் குறை வைக்க அவளால் முடியாது. சட்டையை அவன் முன்னால் வைத்தாள்.

"இந்தச் சீட்டுக்கு வர வேண்டியது இவ்வளவுதான்."

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் கையில் இப்போது போன் மேலே தெரிந்தது. போனுக்குள்ளேயிருந்து அதிகாரி அம்மாவின் குரல், "ஹலோ, யாரு பேசுறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. தொட்டியக்கா விரிப்பை இன்னொரு முறுக்கு முறுக்கினாள். அவன் சட்டையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டான். இனிப்புப் பெட்டியை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றான்.

"அதுக்கும் சீட்டு கிடையாதுங்க, எடுத்துட்டுப் போயிடுங்க," என்றார் சைக்கிள் அண்ணன்.

அவன் படியிறங்கித் தெருமுனை திரும்பிப் போனான். கொடுத்து முடித்த சீட்டை மேசையோரக் கம்பியில் குத்திவைப்பது அந்தக் கடை வழக்கம். மடிப்பு அவன் சீட்டைக் கம்பியில் குத்தி, கீழ்வரை இறக்கி, ஒரு தட்டுத் தட்டினாள். சட்டைக் கை இரண்டையும் முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டாள்.

"அடுத்தது யாருங்க?" என்றாள்.